கீழே போகிறவன் கழுத்தில்

லிஃப்ட் பழுது பார்க்கிற தொழிலில் மற்ற சட்டங்களை மீறினால் வேலை போகும். ஒரே ஒரு சட்டத்தை மீறினால் ஆளே போய்விடுவான். லிஃப்டுக்கு அடியில், தரைத்தளத்துக்கும் கீழே, ஒரு குழி இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் இருட்டுமாக நெஞ்சளவு ஆழத்துக்கு ஒரு குழி. அதற்குள் ஒருவன் இறங்க வேண்டுமென்றால் முதலில் மொட்டை மாடியில் உள்ள மோட்டார் அறைக்குப் போக வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் பூட்டுப் போட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும். கீழே போகிறவன் கழுத்தில்தான் சாவி. அவனாக ஏறி வந்து திறக்கும்வரை, எப்பேர்ப்பட்ட பெரிய மனிதர் வந்து பொத்தானை அழுத்தினாலும் அந்தப் பெட்டி இம்மி நகராது.

நிதானம் இந்தச் சட்டத்தைத் தன் உயிர்போல் காத்தவர். நிதானம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தொழிலில் வைத்த பெயர். ஒரு திருகாணியை முடுக்கினால் மூன்று தரம் தொட்டுப் பார்ப்பார். ‘இந்த ஆள் வந்தால் லிஃப்ட் ஓடும், ஆனால் இன்றைக்கு ஓடாது’ என்று கட்டடக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் அவர் தொட்ட லிஃப்ட் நடுவழியில் நின்று யாரையும் அழவைத்ததில்லை, அது வேறு விஷயம்.

இவ்வளவு ஒழுங்கான மனிதர் ஒரே ஒருவனிடம் மட்டும் சட்டத்தைத் தளர்த்தினார். மனைவியின் தம்பி. மச்சினன். இருவரும் சேர்ந்துதான் தொழில். நிதானம் சற்றுப் பருத்த உடம்பு, மச்சினன் ஒல்லி. ஆகவே குழிக்குள் போவது எப்போதும் அவன், மேலே போய்ப் பூட்டுவது எப்போதும் இவர். மேலே பூட்டிவிட்டு அத்தனை மாடி இறங்கி வந்து சாவியைக் கொடுத்து, மறுபடி ஏறுவதா என்று ஒரு நாள் அலுப்புப்பட்டார்கள். “உங்க கழுத்துல இருந்தா என் கழுத்துல இருக்கிற மாதிரிதானே மாமா” என்றான் மச்சினன். அவருக்கும் அது பெருமையாக இருந்தது. அன்றிலிருந்து கீழே போகிறவன் கழுத்து வெறுமையாகவே போனது. வருடக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. ஆகாதவரைக்கும் எல்லாம் சரிதானே!

பிறகு இவருக்கு மறதி வந்தது. மறதி என்றால் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவது என்று நினைக்கிறவர்கள் புண்ணியவான்கள். இவர் ஒரு நாள் தன் வீட்டுத் தெருமுனையில் நின்றுகொண்டு இடதா வலதா என்று தெரியாமல், யாரையாவது கேட்கவும் வெட்கப்பட்டு, செருப்பு அறுந்தவர்போல் குனிந்து குனிந்து நின்றார். மனைவி தேடி வந்து கூட்டிப் போனாள். மறுவாரம் டாக்டரம்மாவிடம் போனார்கள்.

டாக்டரம்மா ஒரு தாளைக் கொடுத்து கடிகாரம் வரையச் சொன்னாள். வட்டம் கச்சிதமாக வந்தது. இயந்திரத்தில் வாழ்ந்த கை அல்லவா. எண்களைப் போட்டபோது பன்னிரண்டும் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன, மறுபக்கம் காலியாகக் கிடந்தது. அது ஏன் அப்படி என்று அவருக்குப் புரியவில்லை. ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. தலைக்குள் எடுத்த படத்தையும் பார்த்துவிட்டு, இது மறதி நோய்தான் என்று டாக்டரம்மா சுற்றிவளைக்காமல் சொன்னாள்.

“ஆரம்பம்தான். இனிமே கூடத்தான் செய்யும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்காக இன்னைக்கே படுத்துடக் கூடாது. நடங்க, நாலு பேரோட பேசுங்க, பிடிச்சதைச் செய்யுங்க. வீட்டுல முடங்கினாத்தான் சீக்கிரம் முத்தும்.”

“வேலைக்குப் போலாமா?” என்றார் நிதானம்.

“என்ன வேலை பாக்கறீங்க?”

“லிஃப்ட்ல.”

டாக்டரம்மா சிரித்தாள். “ஸ்டூல் போட்டு உக்காந்து எந்த மாடின்னு கேட்டு அழுத்தற வேலைதானே? தாராளமாப் போங்க!”

நிதானம் மனைவியைப் பார்த்தார். மனைவி கைப்பையின் வாரைப் பார்த்தாள். ‘இல்லம்மா, நான் அந்த ஆள் இல்லை’ என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகாது. இரண்டு பேரில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. குழிக்குள் இறங்குகிறவன் தன் கூடப்பிறந்தவன் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். வீட்டில் உட்கார வைத்தால் இந்த மனிதன் கண்ணெதிரே கரைந்துபோவார் என்பதும் தெரியும். அவளைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

“டாக்டரே சொல்லிட்டாங்க” என்றார் வெளியே வந்ததும்.

“ஆமா, சொல்லிட்டாங்க” என்றாள் அவள். சாலையைக் கடக்கும்போது, “தம்பிகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம். அவன் சும்மா பயப்படுவான்” என்றாள். அவர் சரி என்றார்.

அதன் பிறகு அவருடைய நிதானம் இரட்டிப்பானது. ஒவ்வொரு பூட்டையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். சாவி கழுத்தில் இருக்கிறதா என்று சட்டைக்கு மேலே தடவித் தடவிப் பார்த்தார். “என்ன மாமா, அதை யாராவது திருடிக்கிட்டுப் போயிடுவாங்களா?” என்று மச்சினன் கேலி செய்தான். கேலிக்கு அவரும் சிரித்தார்; சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் தடவிப் பார்த்தார்.

அவர்கள் வழக்கமாகப் பார்த்துவந்த ஒரு கட்டடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு லிஃப்ட். கீழே நின்று பார்த்தால் இடப்பக்கம் ஒன்றாம் எண், வலப்பக்கம் இரண்டு. மேலே மோட்டார் அறையிலோ எல்லாம் தலைகீழ். படியேறி எதிர்ப்பக்கமாகத் திரும்பி உள்ளே நுழைவதால் ஒன்றாம் எண்ணின் சுவிட்ச் வலப்பக்கம் வந்துவிடும். புதிதாக வருகிறவன் தடுமாறுவான். நிதானத்துக்கு அது தூக்கத்தில்கூடப் பிசகாது. அந்தச் சுவர் அவருக்கு உள்ளங்கை.

ஒரு நாள் காலை ஒன்றாம் லிஃப்டின் குழியில் இருக்கிற அவசர நிறுத்த சுவிட்ச் துருப்பிடித்துக் கெட்டிருந்தது. ஆபத்து என்றால் கீழே இருப்பவன் அழுத்துவதற்கு இருப்பதே அது ஒன்றுதான். அதை மாற்றத்தான் மச்சினன் இறங்கினான். விளையாடுகிற பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று தலைக்கு மேலே கதவையும் சாத்திக்கொண்டான். நிதானம் மேலே போனார். சுவிட்சை அணைத்தார், பூட்டினார், இழுத்துப் பார்த்தார், சாவியைக் கழுத்தில் போட்டார். கவிழ்த்து வைத்த எண்ணெய் டப்பாவின் மேல் உட்கார்ந்தார். ஒரு வேலையை ஒழுங்காக முடித்த திருப்தி. நோய் கிடக்கட்டும், கை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மோட்டார் ஒன்று உறுமத் தொடங்கியது. பெரிய சக்கரம் சுற்றியது, கம்பிக்கயிறுகள் எண்ணெய் மினுங்கக் கீழே ஓடின. இரண்டில் ஒன்று ஓடத்தானே செய்யும், யாரோ இறங்குகிறார்கள் என்று அவர் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் மனதில் கேட்டது: எது ஓடுகிறது? மோட்டாரின் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒன்று என்று எழுதியிருந்தது. சரி, ஒன்று ஓடுகிறது. அப்படியானால் மச்சினன் எதில் இருக்கிறான்?

தெரியவில்லை. அந்த இடம் காலியாக இருந்தது. கடிகாரத்தின் மறுபக்கம்போல் துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போது கயிறுகள் போகிற ஓட்டை வழியாக, அடியாழத்திலிருந்து, “மாமாஆ...!” என்று ஒரு குரல் வந்தது.

நல்லவேளை, கைக்கு மறதி இல்லை. அது போய்ச் சுவரில் இருந்த மற்ற சுவிட்சைக் கீழே இழுத்தது. பிரேக் அறைந்த சத்தத்தில் அறை அதிர்ந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

“டேய்!” என்று ஓட்டையில் வாய் வைத்துக் கத்தினார். பதில் இல்லை. “டேய் மாப்ள!” பதில் இல்லை. தரையில் கைகளை ஊன்றி, ஓட்டையில் காதை வைத்துக் காத்திருந்தார். கடைசியில் ஒரு இருமல் கேட்டது. பெட்டி இறங்குவதைப் பார்த்து மச்சினன் குழியின் எண்ணெய்ச் சேற்றில் மல்லாந்து படுத்துவிட்டான். பெட்டியின் அடிப்பாகம் குழியின் வாய்க்கு ஒரு சாண் மேலே நின்றிருந்தது. ஒல்லியான உடம்பு அன்றைக்கு அவனைக் காப்பாற்றியது.

அவன் எப்படியோ கதவை நெம்பி அந்த இடுக்கு வழியாக வெளியே வந்து படியேறுகிற சத்தம் கேட்டது. நிதானம் சுவரைப் பார்த்தார். அவருடைய பித்தளைப் பூட்டு, இழுத்தாலும் அசையாத நல்ல பூட்டு, இரண்டாம் எண்ணில் தொங்கியது. இடது கைப்பக்கம். கீழே இடது என்றால் மேலேயும் இடது என்று கை பூட்டியிருக்கிறது.

அவன் வருவதற்கு இன்னும் சில மாடிகள் இருந்தன. சாவி கழுத்தில் இருந்தது. பூட்டைக் கழற்றிப் பக்கத்துச் சுவிட்சில் மாட்டிவிட்டால் முடிந்தது கதை. ‘ஒயர்ல ஏதோ கோளாறுடா, பூட்டியிருந்தும் ஓடிடுச்சு’ என்று சொன்னால் மச்சினன் நம்புவான். நிதானம் தப்பாகப் பூட்டினார் என்று யார் நம்பப்போகிறார்கள்! அவர் சாவியைக் கையில் எடுத்தார். பூட்டைத் தொடவும் செய்தார். நாளைக்கும் இவன்தானே கீழே இறங்குவான் என்ற எண்ணம் பிடரியில் அடித்தது. கையை எடுத்துவிட்டார்.

மச்சினன் தலையிலிருந்து கால்வரை கறுப்பு எண்ணெய் ஒழுக வாசலில் வந்து நின்றான். பல் கிட்டித்துப்போய் இருந்தது.

“எதுல பூட்டியிருக்கு பாரு” என்றார் நிதானம்.

அவன் பார்த்தான். புரிய நேரம் பிடித்தது.

“எனக்கு மறதி நோய்டா. டாக்டர் சொல்லி ரெண்டு மாசம் ஆகுது. உன்கிட்ட மறைச்சுட்டேன்.”

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. எண்ணெய் டப்பாவின் மேல் உட்கார்ந்து உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: “அக்காவுக்குத் தெரியுமா?”

அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். அந்த ஒன்றைச் சொல்லாமலேயே அவன் தெரிந்துகொண்டான்.

சாயங்காலம் அவர்கள் வீட்டுச் சமையலறையில் நின்று கேட்டான். குளித்திருந்தும் எண்ணெய் வாடை போகவில்லை. “ஏன்க்கா, நான் போய்ச் சேந்திருந்தா என் பிள்ளைங்ககிட்ட என்னன்னு சொல்லியிருப்ப?”

“என்ன சொல்லியிருப்பேன், நானும் செத்திருப்பேன்டா” என்றாள் அவள். அழுதுகொண்டே அடுப்பை அணைத்தாள். “அவரை வீட்டுல உக்கார வச்சுப் பாக்கற தைரியம் எனக்கு இல்ல. உன்னை நினைக்கலன்னு சொல்லாத. நினைச்சேன். நினைச்சுக்கிட்டேதான் சும்மா இருந்தேன்.”

அவன் போய்விட்டான். அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. தொழிலுக்கு வேறொரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு அலைகிறான் என்று காதில் விழுந்தது.

நிதானம் வீட்டில் உட்கார்ந்தார். மூளைக்கு நல்லது என்று பக்கத்து வீட்டம்மா ஒரு புத்தகம் கொடுத்தாள். புள்ளிகளை வரிசையாகக் கோடு போட்டு இணைத்தால் படம் வரும். இவரும் நிதானமாக இணைத்தார். வாத்து வந்தது. அடுத்த பக்கம் இன்னொரு வாத்து. ஆயுசு முழுக்க மனிதர்களை ஏற்றி இறக்கியவருக்கு வாத்துகளோடு என்ன வேலை? அதை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்ப்பது பழக்கமானது. மனைவி எதைக் கண்டு பயந்தாளோ அது சரசரவென்று வந்துகொண்டிருந்தது. சாப்பிட்டாரா என்று கேட்டால் யோசித்தார். எதிர்வீட்டு ஜன்னலில் துணி காய்ந்தால் மழை என்றார்.

ஒரு நாள் காலை அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். “கிளம்பு. டாக்டர்கிட்ட போகணும்.”

“என்னங்க செய்யுது?”

“ஒண்ணும் செய்யல. நான் ஸ்டூல்ல உக்கார்ற ஆள் இல்லன்னு சொல்லணும்.”

சொன்னார். குழியைச் சொன்னார், பூட்டைச் சொன்னார், எண்ணெய்ச் சேற்றில் படுத்த மச்சினனைச் சொன்னார். டாக்டரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினாள். “நான் சரியாக் கேட்டிருக்கணும்” என்றாள். “அடுத்தவங்க உயிர் உங்க கையில இருக்கிற வேலை இனிமே வேண்டவே வேண்டாம்.”

“சரி. என் உயிர் அடுத்தவன் கையில இருக்கிற வேலை?”

டாக்டரம்மா அவர் மனைவியைப் பார்த்தாள். “அதுல நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. உங்க குடும்பம்தான் முடிவு பண்ணணும்” என்றாள்.

நேரே மச்சினன் வீட்டுக்குப் போனார்கள். அவன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நிதானம் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை, மறப்பதற்குள் சொல்லிவிட வேண்டுமென்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

“இனிமே நீ மேல. நான் கீழ. பூட்ட வேண்டியது நீ. என் கண் முன்னால பூட்டு, பூட்டினப்புறம் பொத்தானை அழுத்திப் பாரு, நகரலன்னா சாவியை என் கழுத்துல மாட்டு. கீழ போறவன் கழுத்துலதான்டா சாவி. நாமதான் கெடுத்தோம். நான் மறந்தா உனக்கு ஒண்ணும் ஆகாது. குழிக்குள்ள நான் எங்க இருக்கேன்னே எனக்கு மறந்துபோனாலும், சாவி என்கிட்ட இருக்கிற வரைக்கும் அந்தப் பெட்டி என்னை ஒண்ணும் பண்ண முடியாது.”

“உங்க உடம்பு அதுக்குள்ள நுழையுமா மொதல்ல?” என்றான் மச்சினன். அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. கேலி வந்துவிட்டால் பாதிக் கோபம் போய்விட்டது என்று அர்த்தம். அவன் அக்காவுக்கு அது தெரியும்.

அவள் முன்னால் வந்தாள். “அன்னைக்கு உன்னைக் கேக்காம உன் உயிரை இவரு கையில விட்டேன். இன்னைக்கு இவரைக் கேட்டுக்கிட்டு இவரு உயிரை உன் கையில விடறேன். வேணாம்னா சொல்லிடு தம்பி, நான் கோச்சுக்க மாட்டேன்.”

அவன் வாசலை விட்டு விலகி நின்றான். “நாளைக்கு சீக்கிரம் வரச் சொல்லு” என்றான் அக்காவிடம், மாமா அங்கே இல்லாததுபோல.

இப்படியாக, உலகமே ஓய்வெடு என்று சொல்லும்போது நிதானம் குழிக்குள் இறங்கினார். ஏணிப்படி அவரைச் சற்று வதைத்தது. ஆனால் இறங்கி நின்றதும் கைகள் தாமாகவே வேலை பார்த்தன. பெட்டி ஓடுகிற தண்டவாளங்களைத் துடைத்து எண்ணெயிட்டார், அடியில் பெட்டியைத் தாங்குகிற ஸ்பிரிங்கின் துருவைச் சுரண்டினார், கசிவு எங்கேயென்று விரலால் தடவிக் கண்டுபிடித்தார். கதவிடுக்கில் விழுந்து காணாமல்போன தோடு, வீட்டுச் சாவி, ஒரு பிள்ளையின் ஒற்றைச் செருப்பு என்று ஒவ்வொன்றாக மேலே எடுத்துக் கொடுத்தார். தொலைத்தவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் இறங்கிய கட்டடங்களின் குழிகள் அதுவரை அவ்வளவு சுத்தமாக இருந்ததே கிடையாது. வீட்டுக்கு வந்தால் பசித்தது, பசித்ததைச் சாப்பிட்டார், சாப்பிட்டது நினைவில் இருந்தது. மனைவி யாரிடமும் சொல்லாமல் சந்தோஷப்பட்டாள். சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம்.

கண் படாமலே நோய் முற்றிக்கொண்டுதான் இருந்தது. குழிக்குள் நிற்கும்போது சில நேரம் திடீரென்று எல்லாம் கழன்றுவிடும். இது என்ன அறை, ஏன் ஜன்னல் இல்லை, தலைக்கு மேலே தொங்குகிற இந்தக் கறுப்புப் பாறை என்ன? பக்கத்து லிஃப்ட் உறுமிக்கொண்டு இறங்கும். பாறை தன் மேல்தான் வருகிறது என்று உடம்பு சுருண்டுகொள்ளும். கை தானாக நெஞ்சுக்குப் போகும். அங்கே சாவி இருக்கும். எதன் சாவி என்று தெரியாது. அது இருந்தால் பயம் இல்லை என்று மட்டும் தெரியும். மூச்சு வந்ததும் கந்தலை எடுத்து விட்ட இடத்திலிருந்து துடைப்பார்.

“ஒரு நாள் உன்னையே எனக்கு அடையாளம் தெரியாமப் போயிடும்டா” என்றார் ஒரு நாள், டீ குடிக்கும்போது.

“போகட்டும். என் மூஞ்சியை இத்தனை வருஷம் பாத்ததே உங்களுக்குத் தண்டனைதான்” என்றான் மச்சினன். டம்ளரை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த நாள் சொல்லிவிட்டு வரவில்லை. அதே கட்டடம், அதே ஒன்றாம் லிஃப்ட். வேலையை முடித்து, ஏணியில் ஏறி வெளியே வந்து, நிதானம் கதவருகே படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். துடைத்த கை ஈரமாக இருந்தது. எதிரே பாதி திறந்த இரும்புக் கதவும் அதற்குள் இருட்டும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த இருட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது; சந்தேகமில்லாமல் தெரிந்தது. அன்றைக்கு அடியாழத்திலிருந்து வந்த குரல் இன்னும் அங்கேயே இருந்தது.

மாடிப்படியிலிருந்து ஒரு ஆள் வந்தான். ஒல்லியாக, கையெல்லாம் கறையாக, பார்த்தால் மரியாதையானவனாகத் தெரிந்தான். “முடிஞ்சுதா மாமா? சாவியைக் கொடுங்க, போய்த் திறந்து விட்டுட்டு வரேன்” என்றான்.

நிதானம் சட்டைக்கு மேல் சாவியைப் பொத்திக்கொண்டார். “யாரு தம்பி நீங்க?”

அந்த ஆள் அப்படியே நின்றான். “மாமா, நான்தான். விளையாடாதீங்க.”

“தப்பா நினைச்சுக்காதீங்க. சாவி தர முடியாது. கீழ என் மச்சினன் இருக்கான்.”

மேலே எங்கோ யாரோ லிஃப்ட் கதவைத் தட்டிச் சத்தம் போட்டார்கள். ஒரு பெண் சாமான் பைகளோடு வந்து நின்று, எப்போ ஓடும், எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது என்று கேட்டாள். “ஓடாதும்மா, படியில போங்க” என்றார் நிதானம். “உள்ள ஆள் இருக்கு.” அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே படியேறினாள்.

“உள்ள யாரும் இல்ல மாமா” என்றான் அந்த ஆள். “நான் மேலதான் இருந்தேன். நீங்கதான் உள்ள இருந்தீங்க.”

“உங்களுக்குத் தெரியாது. நான் ஒரு தடவை தப்பாப் பூட்டிட்டேன். பையன் கீழ கிடந்தான். ரெண்டு பிள்ளைங்க அவனுக்கு.” நிதானத்தின் கண்ணில் நீர் முட்டியது. “அவன் தன் காலால ஏறி வந்து என் முன்னால நிக்கற வரைக்கும் இதை யாருக்கும் தர மாட்டேன். நீங்க யாரா வேணா இருங்க. அடிச்சாலும் தர மாட்டேன்.”

அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்தான். கையால் முகத்தை மூடிக்கொண்டான், தோள்கள் குலுங்கின. பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ என்று நிதானம் நினைத்தார். முதுகில் தட்டிக் கொடுக்கலாமா என்று யோசித்தார். ஆனால் சாவியைப் பொத்திய கையை எடுக்க மனம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்தான். இரும்புக் கதவருகே போய் குழியைக் குனிந்து பார்த்தான். மேலே தொங்குகிற பெட்டியின் கறுத்த அடிப்பாகத்தைப் பார்த்தான். திரும்பி நிதானத்தின் கழுத்தைப் பார்த்தான். அவன் கால் பின்வாங்குவது தெரிந்தது. பிறகு ஏணியைப் பிடித்து உள்ளே இறங்கினான்.

“ஏய், ஏய்! அங்க போகாதீங்க!” என்று கத்தினார் நிதானம். கதவு உள்ளேயிருந்து சாத்திக்கொண்டது.

அவர் எழுந்து நின்றார். கதவுக்கு முதுகு காட்டி, தெருவைப் பார்த்து, இரண்டு கைகளாலும் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது உள்ளே இரண்டு பேர். பக்கத்து லிஃப்ட் உறுமியபோதும் அவர் இடத்தைவிட்டு நகரவில்லை.

“மாமா!” என்று அடியிலிருந்து குரல் வந்தது. “வேலை முடிஞ்சுது மாமா. ஏறி வரேன்.”

கதவு திறந்தது. கையெல்லாம் எண்ணெய்க் கறையோடு மச்சினன் வெளியே வந்து எதிரே நின்றான். முழுசாக, இரண்டு காலில் நின்றான். நிதானம் அவன் தலையைத் தடவினார், தோளைத் தடவினார், கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

“எங்கடா போயிட்ட இவ்வளவு நேரம்? ஒரு ஆள் உள்ள வந்தானே, எங்க அவன்?”

“அவரு போயிட்டாரு மாமா.”

“சாவி கேட்டான். நான் தரல.”

“தெரியும் மாமா. கேட்டுச்சு.”

நிதானம் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினார். உடனே கொடுக்கவில்லை. மச்சினனின் வெறுங்கழுத்தைப் பார்த்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அறிவிருக்காடா உனக்கு? கழுத்துல சாவி இல்லாம எவனாவது கீழ போவானா? கீழ போறவன் கழுத்துலதான் சாவின்னு எத்தனை தடவைடா சொல்றது!”

“தப்புதான் மாமா” என்றான் மச்சினன். “இனிமே போட்டுக்கறேன்.” தலையைக் குனிந்தான். நிதானம் அவன் கழுத்தில் சாவியை மாட்டிவிட்டார்.